பிலிப்பைன்ஸ் மக்களின் அன்றாட அலுப்புகளும் எதிர்பார்ப்புகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளத் தடுப்புக்கு ஒதுக்கிய பணத்தைத் தின்றுவிட்டார்கள் என்று 2025 செப்டம்பரில் பிலிப்பைன்ஸ் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். தமிழ்ச் செய்திகளிலும் அது ஓரளவு வந்தது. பிள்ளைகளை அங்கே மருத்துவம் படிக்க அனுப்பியிருக்கும் பெற்றோர், வேலைக்குப் போகிறவர்கள், ஆசிய அரசியலில் ஆர்வம் உள்ளவர்கள் எனப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அங்கே சாதாரண ஜனங்களுக்கு அப்படி என்னதான் குறை?

நெரிசல், வெள்ளம், அரசு அலுவலக அலைச்சல், ஆஸ்பத்திரி செலவு, தேர்தலுக்குத் தேர்தல் அதே குடும்பப் பெயர்கள். தனித்தனியாகப் பார்த்தால் பல நாடுகளில் இருப்பதுதானே என்று தோன்றும். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விஷயம் ஓடுவதாக நான் நினைக்கிறேன். சட்டப்படி தனக்குச் சேரவேண்டியது தன் கைக்கு வரும்போது, யாரோ ஒரு பெரிய மனிதர் செய்த உதவியாக வருகிறது. வாங்கியவர் அதற்கு நன்றியுள்ளவராக இருக்க வேண்டும். தேர்தல் வந்தால் ஓட்டுப் போட வேண்டும். இந்த ஏற்பாட்டில்தான் ஜனங்கள் களைத்துப் போயிருக்கிறார்கள்.

மணிலா போக்குவரத்து நெரிசல் நிஜமாகவே அவ்வளவு மோசமா?

ஆமாம். போக்குவரத்துத் தரவு சேகரிக்கும் டாம்டாம் நிறுவனத்தின் 2023 கணக்கில், உலகப் பெருநகரப் பகுதிகளிலேயே மெதுவாக நகர்வது மெட்ரோ மணிலாதான். 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 25 நிமிடம் 30 விநாடி. காலையிலும் மாலையிலும் நிலைமை இதைவிட மோசம். நெரிசலால் நாளொன்றுக்கு 350 கோடி பீசோ நஷ்டம் என்று ஜப்பான் அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான ஜைக்கா 2017 நிலவரத்தை வைத்து மதிப்பிட்டது. தலைநகரில் ஒருநாள் குறைந்தபட்சக் கூலி 2025 ஜூலையிலிருந்து 695 பீசோ. அந்தக் கூலிக்குப் போகிறவர் விடிவதற்கு முன்பே வரிசையில் நிற்கிறார். வீடு திரும்பும்போது பிள்ளைகள் தூங்கிவிடுகின்றன.

மெட்ரோ மணிலா ஒரே நகரம் கிடையாது. 16 நகரங்களும் பாத்தேரோஸ் என்ற ஒரு பேரூரும் சேர்ந்த பகுதி. 2020 கணக்கெடுப்புப்படி 1.34 கோடிக்கு மேல் ஜனத்தொகை. 17 உள்ளாட்சிகளுக்கும் தனித்தனி மேயர், தனித்தனிப் போக்குவரத்து விதிகள். வண்டி எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்து வாரத்தில் ஒரு நாள் வண்டியை நிறுத்திவைக்கும் முறை 1990களிலிருந்து இருக்கிறது. 1, 2ல் முடிந்தால் திங்கட்கிழமை நெரிசல் நேரத்தில் வெளியே எடுக்க முடியாது. வசதி உள்ளவர்கள் வேறு எண்ணில் இரண்டாவது கார் வாங்கிக்கொள்கிறார்கள். அந்த வசதி இல்லாதவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

ஒரு நல்லதும் நடந்தது. மணிலாவின் முக்கியச் சாலையான எட்சா நெடுஞ்சாலையின் நடுவே பேருந்துக்கென்று தனிப்பாதை ஒதுக்கி, 2020ல் கொரோனா காலத்தில் 'எட்சா கரூசல்' சேவை தொடங்கினார்கள். பக்கத்தில் கார்கள் அசையாமல் நிற்கும்போது பேருந்து போய்க்கொண்டே இருக்கிறது. வரிசை நீளம்தான், கூட்டம் அதிகம்தான். ஆனாலும் இருக்கிற சாலையைப் பங்கு பிரிப்பதில் கொஞ்சம் மனம் மாறினாலே பலன் கிடைக்கும் என்பதை ஜனங்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள். மெட்ரோ மணிலா சுரங்க ரயிலுக்கு 2019ல் அடிக்கல் நாட்டினார்கள். வேலை நடக்கிறது.

ஜீப்னியை ஏன் ஒழிக்கப் பார்க்கிறார்கள்? ஓட்டுநர்கள் ஏன் எதிர்க்கிறார்கள்?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க ராணுவம் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டி, மேலே கூரை போட்டு, வண்ணம் அடித்து உருவாக்கிய வண்டிதான் ஜீப்னி. பழைய டீசல் எஞ்சின், கரும்புகை, பாதுகாப்பும் குறைவு. அதனால் 2017ல் அரசு நவீனமாக்கும் திட்டம் கொண்டுவந்தது. தனித்தனி உரிமையாளர்கள் கூட்டுறவுச் சங்கமாகவோ நிறுவனமாகவோ சேர வேண்டும், படிப்படியாகப் புது வண்டிக்கு மாற வேண்டும். சேர்வதற்கான கெடு பல தடவை தள்ளிப்போய், 2024 ஏப்ரல் 30ல் முடிந்தது.

புகை குறைய வேண்டும் என்பதில் ஓட்டுநர்களுக்கு மறுப்பில்லை. அவர்களின் கேள்வியெல்லாம் கடனைப் பற்றித்தான். புது வண்டி 20 லட்சம் பீசோவைத் தாண்டுகிறது. அரசு மானியம் அதில் சிறு பங்கு. குறைந்தபட்சக் கட்டணமாக 13 பீசோ வாங்கி ஓட்டுகிறவர் அதை எந்தக் காலத்தில் அடைப்பார்? இந்த விஷயத்தில் நான் ஓட்டுநர்கள் பக்கம். சுத்தமான காற்று எல்லோருக்கும் வேண்டும் என்றால், அதற்கான செலவை ஏழை ஓட்டுநர் தலையில் கட்டக்கூடாது.

ஜீப்னியில் ஏறிப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி மறக்காது. அநேக வண்டிகளில் நடத்துநர் கிடையாது. எதிரெதிரே இரண்டு நீள இருக்கைகள். கடைக்கோடியில் ஏறியவர் 'பாயாட் போ' (இந்தாங்க கட்டணம்) என்று சொல்லிக் காசை நீட்டுவார். பக்கத்தில் இருப்பவர் வாங்கி அடுத்தவரிடம் கொடுப்பார். ஐந்தாறு கை மாறி ஓட்டுநரிடம் போகும். மீதிச் சில்லறை அதே வழியில் திரும்பி வரும். முன்பின் தெரியாதவர்கள் இவ்வளவு நம்பிக்கையோடு காசைக் கடத்தும் ஒரு நாட்டில், வரிப்பணம் மட்டும் வழியில் காணாமல் போவது அங்குள்ளவர்களை ஆத்திரப்படுத்துவதில் ஆச்சரியம் இல்லை.

2025ல் வெடித்த வெள்ளத் தடுப்பு ஊழல் என்ன?

பிலிப்பைன்ஸ் கடல் எல்லைக்குள் ஆண்டுக்குச் சுமார் 20 புயல் வரும். 2009 செப்டம்பர் 26ல் 'ஓந்தோய்' புயல் ஒரே நாளில் மணிலாவில் 455 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 2013 நவம்பர் 8ல் 'யோலாந்தா' தாக்லோபான் பகுதியைச் சின்னாபின்னமாக்கி 6,000க்கு மேற்பட்டவர்களின் உயிரைப் பறித்தது. ஆக, வெள்ளத் தடுப்புக்குப் பணம் ஒதுக்கினால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஊழலுக்கும் அதுவே வசதியாகப் போயிற்று.

2025 ஜூலையில் தொடர் மழை. புலகான் மாகாணம் மாலோலோஸ் ஊரில் பாரசோவாயின் தேவாலயம் இருக்கிறது. 1898ல் முதல் பிலிப்பைன்ஸ் குடியரசின் பேரவை கூடிய இடம் அது. ஜூலை 22ம் தேதி அந்தத் தேவாலயத்துக்குள்ளேயே தண்ணீர். மணப்பெண் வெள்ளை உடை தண்ணீரில் இழுபட நடந்து போய்க் கல்யாணம் செய்துகொண்ட படம் உலகம் முழுக்கப் பரவியது. வெளிநாட்டில் அதைக் காதலின் உறுதி என்று கொண்டாடினார்கள். புலகான்காரர்கள், இங்கே கட்டியதாகச் சொல்லும் தடுப்புச் சுவர்களெல்லாம் எங்கே என்று கேட்டார்கள்.

ஜூலை 28ல் ஜனாதிபதி ஃபெர்டினாண்ட் மார்கோஸ் ஜூனியர் தன் ஆண்டு உரையில், வெள்ளத் திட்டங்களில் கொள்ளையடித்தவர்கள் வெட்கப்பட வேண்டும் என்றார். ஆகஸ்டில் கணக்கு வெளியானது. 2022 ஜூலையிலிருந்து சுமார் 54,500 கோடி பீசோவுக்கு 9,855 திட்டங்கள். அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 10,000 கோடி பீசோ வேலை, வெறும் 15 ஒப்பந்தக்காரர்களுக்குப் போயிருக்கிறது.

திட்டப் பட்டியலை இணையத்தில் போட்டு, புகார் இருந்தால் சொல்லுங்கள் என்று அரசே கேட்டது. ஜனங்கள் தங்கள் ஊர் ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்த்தார்கள். புலகானின் பாலிவாக் நகரில் 220 மீட்டர் நீள கான்கிரீட் கரைச்சுவர் கட்டி முடிந்ததாகப் பதிவாகியிருந்தது. சுமார் 5.5 கோடி பீசோ பட்டுவாடாவும் ஆகியிருந்தது. ஆகஸ்ட் 20ல் ஜனாதிபதி நேரில் போனார். சுவரும் இல்லை, வேலை நடந்த தடமும் இல்லை. 2023 முதல் 2025 வரை இப்படிப்பட்ட திட்டங்களால் நாட்டுப் பொருளாதாரத்துக்கு 4,230 கோடியிலிருந்து 11,850 கோடி பீசோ வரை இழப்பு இருக்கலாம் என்று நிதித்துறை செனட்டில் சொன்னது.

பொதுப்பணித் துறைச் செயலாளர் பதவி விலகினார். நாடாளுமன்றக் கீழவைத் தலைவரும் விலகினார். செனட் தலைவர் மாற்றப்பட்டார். விசாரிக்கத் தனி ஆணையமும் வந்தது. 'பெரிய மீன்கள்' சிறைக்குப் போகுமா என்பதுதான் அங்கே டீக்கடை முதல் தேவாலயம் வரை எல்லோரும் கேட்கும் கேள்வி.

அரசு அலுவலகத்தில் ஒரு காகிதம் வாங்குவது ஏன் இவ்வளவு பாடு?

ஒரு வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழ், போலீஸ் சான்று, குற்றப் பதிவு இல்லை என்று தேசியப் புலனாய்வுத் துறையின் சான்று, குடியிருக்கும் பாராங்காயின் சான்று (பாராங்காய் என்பது நம் வார்டு மாதிரியான கடைசி அடுக்கு உள்ளாட்சி, நாடு முழுக்க 42,000க்கு மேல் உண்டு). ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை, ஒரு கட்டணம், ஒரு நாள் கூலி நஷ்டம். வாசலில் 'ஃபிக்ஸர்' நிற்பார். நம் ஊர் புரோக்கர்தான். கொஞ்சம் காசு கொடுத்தால் வரிசை சுருங்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2007லேயே சிவப்பு நாடா ஒழிப்புச் சட்டம் வந்தது. 2018ல் அதைத் திருத்திக் கடுமையாக்கினார்கள். எளிய வேலை என்றால் 3 வேலை நாள், சிக்கலானது என்றால் 7, நிபுணர்கள் பார்க்க வேண்டியது என்றால் 20. ஃபிக்ஸரோடு கூட்டுச் சேர்ந்த ஊழியருக்குச் சிறைத் தண்டனைகூட உண்டு. 2016லிருந்து 8888 என்ற புகார் எண்ணும் இருக்கிறது. இவற்றால் பல அலுவலகங்களில் வேகம் கூடியது உண்மை. கடவுச்சீட்டு முன்பதிவு, சான்றிதழ் விண்ணப்பம் என்று நிறைய வேலை இணையத்துக்குப் போய்விட்டது. ஆனால் 2023ல் ஓட்டுநர் உரிமத்துக்குப் பிளாஸ்டிக் அட்டையே தீர்ந்துபோய்க் காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள். எத்தனை நாளில் கொடுக்க வேண்டும் என்று சட்டம் போடலாம். அட்டையை நேரத்துக்குக் கொள்முதல் செய்ய ஆள் வேண்டுமே.

ஆஸ்பத்திரி செலவுக்கு அரசியல்வாதியிடம் கடிதம் வாங்குகிறார்களாமே, அது என்ன?

என்னை மிகவும் வேதனைப்படுத்துவது இதுதான். அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை, பில் கட்ட முடியவில்லை என்றால் குடும்பத்தில் ஒருவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக் உறையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். உறைக்குள் மருத்துவரின் சுருக்க அறிக்கை, பில் நகல், அடையாள அட்டை, இவர் ஏழைதான் என்று பாராங்காய் கொடுத்த சான்று, சமூகநல ஊழியரின் அறிக்கை எல்லாம் இருக்கும். நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகம், செனட்டர் அலுவலகம், அரசு லாட்டரி நிறுவனம், சமூகநலத் துறை என்று வரிசையாகப் போவார். ஒவ்வோர் இடத்திலும் பில்லில் ஒரு பகுதிக்குப் பொறுப்பேற்று 'கேரண்டி லெட்டர்' கொடுப்பார்கள். அதையெல்லாம் சேர்த்துக் கட்டினால் நோயாளி வீட்டுக்குப் போகலாம். சேராவிட்டால் மறுபடி அலைச்சல்.

பணம் அரசு பட்ஜெட்டிலிருந்து வருகிறது, அதாவது வரிசையில் நிற்பவரின் வரிப்பணமும் அதில் உண்டு. கடிதத்தில் பெயர் மட்டும் அரசியல்வாதியுடையது. எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு என்று 2019ல் சட்டம் போட்ட நாட்டில், அரசுக் காப்பீட்டு நிறுவனமான பில்ஹெல்த்துக்கு 2025 பட்ஜெட்டில் அரசு மானியம் ஒரு பீசோகூடக் கிடையாது. கடிதம் கொடுக்கும் திட்டங்களுக்குப் பணம் இருந்தது. நோயாளி தன் உரிமையாகப் பெற்றுக்கொண்டு போய்விட்டால் யாருக்கும் நன்றிக்கடன் படமாட்டார், அதனால்தான் இந்த ஏற்பாடு என்று பலர் சந்தேகப்படுகிறார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

2025 ஜூலையில் ஜனாதிபதி ஒரு மாற்றம் அறிவித்தார். சுகாதாரத் துறை நேரடியாக நடத்தும் ஆஸ்பத்திரிகளின் சாதாரண வார்டில் சேர்ந்தால் பில்லே கட்ட வேண்டாம். யாரிடமும் போய்க் கைகட்டி நிற்க வேண்டாம். எல்லோரும் எதிர்பார்ப்பது இந்த மாதிரி மாற்றத்தைத்தான். உள்ளாட்சிகள் நடத்தும் ஆஸ்பத்திரிகளுக்கும் இது வர வேண்டும்.

இவ்வளவு தெரிந்தும் அதே குடும்பங்களுக்கே ஏன் ஓட்டுப் போடுகிறார்கள்?

ஜனங்களுக்குப் புத்தியில்லை என்று பதில் சொல்லிவிடுவது சுலபம், ஆனால் அது அநியாயம். ஆஸ்பத்திரிக் கடிதம், சாவு வீட்டுக்கு உதவித்தொகை, வெள்ளத்தில் அரிசிப் பை எல்லாம் மேயர் வீட்டிலிருந்து வரும்போது அந்த வீட்டைப் பகைத்துக்கொள்ள எத்தனை பேரால் முடியும்? அரசியல் குடும்பங்களைத் தடை செய்ய வேண்டும் என்று 1987 அரசியல் சாசனமே சொல்கிறது. ஆனால் 'சட்டம் வரையறுக்கிறபடி' என்று ஒரு வாலும் சேர்த்துவிட்டார்கள். அந்தச் சட்டத்தை எழுத வேண்டிய நாடாளுமன்றத்தில் பெரும்பாலோர் அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஒருவர் மூன்று தவணை முடித்தால் மனைவி நிற்பார், அப்புறம் மகன்.

ஜனங்கள் சும்மா பொறுத்துக்கொண்டா இருக்கிறார்கள்?

இல்லவே இல்லை. 1986 பிப்ரவரியில் நான்கு நாள் எட்சா சாலையில் நின்று ஃபெர்டினாண்ட் மார்கோஸ் சீனியரின் ஆட்சியை இறக்கினார்கள். 2001 ஜனவரியில் அதே சாலையில் ஜனாதிபதி ஜோசப் எஸ்திராடாவை இறக்கினார்கள். எம்.பி.க்களின் விருப்ப நிதியில் நடந்த 1,000 கோடி பீசோ மோசடியை எதிர்த்து 2013 ஆகஸ்ட் 26ல் லுனேட்டா பூங்காவில் திரண்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த நிதியையே செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பர் 21ல், 1972 ராணுவச் சட்டப் பிரகடனத்தில் குறித்திருந்த அதே தேதியில், மறுபடி லுனேட்டாவிலும் எட்சாவிலும் கூடினார்கள். பெரும்பகுதி அமைதியாக நடந்தது. மெண்டியோலா பகுதியில் மோதல் ஏற்பட்டு 200க்கு மேற்பட்டவர்களைப் பிடித்தார்கள். அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள்.

'1986லேயே புரட்சி செய்தோம், என்ன மாறியது?' என்ற சலிப்பு அங்கே பலமாக இருக்கிறது. தலையை மாற்றினார்கள், கீழே பணம் ஓடும் வழி மாறவில்லை என்பதே என் கணிப்பு. இந்தத் தடவை பட்ஜெட்டில் கடைசி நேரத்தில் யார் எந்தச் செலவைச் செருகினார்கள் என்று கல்லூரி மாணவர்கள் தேடிப் படிக்கிறார்கள். அது புதிது.

எங்கேயாவது உருப்படியாக மாறியிருக்கிறதா?

நாகா நகரம். 1988ல் மேயரான ஜெஸ்ஸி ரொப்ரேடோ, நகராட்சியின் ஒவ்வொரு சேவைக்கும் என்ன காகிதம் வேண்டும், எத்தனை நிமிடம் ஆகும், பொறுப்பு யார் என்று பட்டியல் போட்டு ஜனங்கள் கையில் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். 2007 சிவப்பு நாடா ஒழிப்புச் சட்டம் இதே மாதிரிப் பட்டியலை நாடு முழுக்கக் கட்டாயமாக்கியது. 1995ல் நாகா போட்ட சட்டத்தின்படி, தொண்டு அமைப்புகளும் உழைப்பாளர் சங்கங்களும் சேர்ந்த மக்கள் பேரவைக்கு நகர்மன்றக் குழுக்களில் இடம் உண்டு. 2000ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. 2012ல் விமான விபத்தில் இறந்தார். நாட்டின் துணை ஜனாதிபதியாக இருந்த அவர் மனைவி லெனி ரொப்ரேடோ, 2025 மே தேர்தலில் நாகாவின் மேயரானார்.

இன்னொன்று, மெட்ரோ மணிலாவில் உள்ள பாசிக். ஒரே குடும்பம் 27 ஆண்டு ஆண்ட நகரத்தில் 2019ல் வீக்கோ சோட்டோ ஜெயித்தார். அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. அதற்கு முன்பு கவுன்சிலராக இருந்தபோதே நகராட்சிக் கோப்புகளை யாரும் கேட்டுப் பெறும் சட்டம் கொண்டுவந்தவர். அவரும் பிரபலக் குடும்பத்துப் பிள்ளைதான், லெனியும் மேயர் குடும்பம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு ஊரிலும் நல்ல மேயர் போன பிறகும் நிற்கக்கூடிய விதி ஒன்று எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியம்.

அரசை நம்பாமல் ஜனங்கள் தாங்களே செய்துகொள்வது உண்டா?

நிறைய. 2021 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில், கேசோன் சிட்டியின் மகின்ஹாவா தெருவில் ஓர் இளம்பெண் மூங்கில் வண்டியில் அரிசியும் காய்கறியும் வைத்து, முடிந்ததைக் கொடுங்கள், தேவையானதை எடுங்கள் என்று எழுதி வைத்தார். சில நாட்களில் நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் முளைத்தன. சில இடங்களில் போலீஸ் வந்து விவரம் கேட்டு மிரட்டியதும் நடந்தது. அரிசியை எடுத்துக்கொண்டு போனவர் யாருக்கும் ஓட்டுக் கடன் படவில்லை.

பள்ளி திறப்பதற்கு முன்பு பெற்றோர்கள் கூடி வகுப்பறைக்கு வண்ணம் அடிப்பதும் பெஞ்சைச் சரிசெய்வதும் 2003 முதல் நடக்கிறது. பாராட்டலாம். ஆனால் நாடெங்கும் சுமார் 1,65,000 வகுப்பறை பற்றாக்குறை. பெற்றோர் வண்ணம் அடிக்கலாம், அத்தனை கட்டடத்தையும் அவர்களே கட்ட முடியாது.

ஏன் வெளிநாட்டுக்குப் போய்விடுகிறார்கள்?

20 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வெளிநாட்டில் வேலை செய்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து 2024ல் வங்கி வழியாக மட்டும் வந்த பணம் 3,400 கோடி டாலருக்கு மேல். அந்தப் பணத்தில் வீடு கட்டுகிறார்கள், தம்பி தங்கைகளைப் படிக்க வைக்கிறார்கள். 2025 தேர்தலில் முதல் தடவையாக வெளிநாட்டிலிருந்து இணையத்தில் ஓட்டுப் போட வழி செய்தார்கள். ஊர்ப் பெரிய மனிதரின் கடிதத்தை நம்பி வாழாத இவர்கள் ஓட்டு அதிகம் பதிவாக வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

அங்கே படிக்கும் நம் பிள்ளைகள் இதில் கலந்துகொள்ளலாமா?

கூடாது. வெளிநாட்டவர் அரசியல் ஊர்வலத்தில் கலந்துகொண்டால் குடிவரவுத் துறை நாடு கடத்தலாம். பல ஆண்டு அங்கே சேவை செய்த ஓர் ஆஸ்திரேலியக் கன்னியாஸ்திரீ 2018ல் இந்தக் காரணத்தால்தான் வெளியேற வேண்டி வந்தது. வேடிக்கை பார்க்கக்கூடப் பக்கத்தில் போக வேண்டாம். விசா வேலைக்கு ஃபிக்ஸரிடமும் போகாதீர்கள். வாடகைத் தகராறு, பக்கத்து வீட்டுக் கரோக்கி சத்தம் மாதிரி விஷயங்களுக்குப் பாராங்காய் அலுவலகத்தில் சொல்லலாம். இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசித் தீர்ப்பார்கள், வக்கீல் தேவையில்லை.

அடுத்து எதைக் கவனிக்க வேண்டும்?

முதலாவது, அரசியல் குடும்பத் தடைச் சட்டம். 2025 டிசம்பரில் அதற்கு முன்னுரிமை கொடுக்கும்படி ஜனாதிபதி நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டார். எவ்வளவு தூரத்து உறவு வரை தடை என்பதில்தான் சண்டை. உறவு வட்டத்தைச் சுருக்கிவிட்டால் சட்டம் பெயருக்குத்தான். பாராங்காய்தோறும் உள்ள இளைஞர் மன்றத் தேர்தலுக்கு மட்டும் இப்படி ஒரு தடை 2016லேயே வந்துவிட்டது: 18 முதல் 24 வயது வரை உள்ளவர்கள் நிற்கலாம், பதவியில் இருப்பவரின் நெருங்கிய உறவினர் நிற்க முடியாது. பிள்ளைகளுக்குப் போட்ட விதியைப் பெரியவர்கள் தங்களுக்கும் போடுவார்களா என்று பார்க்க வேண்டும். அடுத்த பாராங்காய், இளைஞர் மன்றத் தேர்தல் சட்டப்படி 2026 நவம்பருக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாவது, தகவல் உரிமைச் சட்டம். எனக்கு இதுதான் அவசரமாகப் படுகிறது. 2016ல் வந்தது ஜனாதிபதியின் உத்தரவு மட்டும். அவர் கையின் கீழ் உள்ள துறைகளுக்குத்தான் பொருந்தும். நாடாளுமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் பொருந்தாது, உள்ளாட்சிகள் தாமாகச் சட்டம் போட்டால்தான் உண்டு. பாலிவாக் சுவர் விஷயம் அரசே பட்டியலை வெளியிட்ட பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. வேலைக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த ஊர்க்காரர் ஒருவர் ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்கி, ஆற்றங்கரைக்கு நடந்துபோய், சுவர் எங்கே என்று பொதுப்பணித் துறையைக் கேட்க முடிய வேண்டும்.